ஆன்டிபயாடிக்கும் குடலும்: தயிர், பழைய சோறு, புரோபயாடிக் எதை எப்போது?

மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் அட்டையோடு ஒரு குடல் மாத்திரையும் சேர்த்து வாங்கி வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. சிலர் இரண்டையும் ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்குகிறார்கள். சிலர் கோர்ஸ் முடியட்டும் என்று எடுத்து வைத்து, அப்புறம் மாதக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். அதற்குள் இருப்பது என்ன என்று யாரும் அட்டையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அது புரோபயாடிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் என்று கொடுக்கப்படும் உயிருள்ள நுண்ணுயிர்கள். புரோபயாடிக்கால் ஆகும் என்று ஓரளவு நிரூபணமான வேலை ஒன்று உண்டு: மருந்து சாப்பிடும் நாட்களில் வரும் வயிற்றுப்போக்கைக் குறைப்பது. மருந்து முடிந்த பிறகு குடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது வேறு வேலை. அதற்குச் சாப்பாடுதான் வேண்டும், மாத்திரை அல்ல.

முதலில் வயிறு ஏன் கெடுகிறது என்று பார்த்துவிடலாம். எல்லா ஆன்டிபயாடிக்கும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை. அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மாத்திரையில், அந்த இரண்டாவது சரக்கு குடலின் ஓட்டத்தையே வேகப்படுத்துகிறது. சாப்பிட்டவுடன் போட்டுக்கொண்டால் தொல்லை குறையும். எரித்ரோமைசின், அசித்ரோமைசின் இரண்டும் குடலை அசைக்கும் மோட்டிலின் என்ற ஹார்மோனின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதால் வயிற்றைப் பிசைந்து இளக்கிவிடும். மூன்றாவது காரணம் எல்லா மருந்துக்கும் பொது. சிறுகுடலில் செரிக்காத மாவும் நாரும் பெருங்குடலுக்குப் போனால், அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைத்து ப்யூட்ரேட் போன்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றும். பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய உணவு. அந்த பாக்டீரியாக்கள் மருந்தில் அடிபட்டால் செரிக்காத மாவு அப்படியே தங்கி, தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். மலம் தண்ணீராகப் போவது இதனால்தான். இந்த வகை பேதி மருந்து நின்ற சில நாட்களில் தானாக அடங்கிவிடும்.

மருந்து சாப்பிடும் நாட்களில்

குழந்தைகள் விஷயத்தில் ஆதாரம் பலமாக இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பாய்வு 33 ஆய்வுகளையும் 6,352 குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தது. புரோபயாடிக் பெற்றவர்களில் 8 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 19 சதவீதம் பேருக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. பலன் தெளிவாகத் தெரிந்தது நாளொன்றுக்கு 500 கோடி முதல் 4,000 கோடி உயிர்கள் வரை கொடுத்தபோதுதான். முதியவர்களிடம் கதை வேறு. பிரிட்டனில் மருத்துவமனையில் இருந்த 65 வயதைத் தாண்டிய கிட்டத்தட்ட 3,000 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 6,000 கோடி கொடுத்தும் வித்தியாசமே இல்லை. அதனால் 'எல்லோருக்கும் நல்லது' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. எந்தக் கிருமி, எத்தனை கோடி, யாருக்கு என்பதெல்லாம் முக்கியம்.

நம் கடைகளில் கிடைப்பவற்றில் எனக்கு முதல் தேர்வு சாக்கரோமைசிஸ் பௌலார்டி. எக்கோநார்ம் என்ற பெயரில் 250 மில்லிகிராம் பொட்டலமாக வருவது இதுதான். 1920களில் இந்தோசீனாவில் இருந்த ஆன்ரி பௌலார் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், லிச்சி, மங்குஸ்தான் பழத் தோல்களிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட் இது. ஈஸ்ட் என்பதுதான் இங்கே விசேஷம். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து ஈஸ்டைத் தொடாது. ஆகவே ஆன்டிபயாடிக்குக்கும் இதற்கும் நேர இடைவெளி தேவையில்லை. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு காலை ஒரு பொட்டலம், இரவு ஒரு பொட்டலம். கோர்ஸின் முதல் நாளோ இரண்டாம் நாளோ ஆரம்பித்து, கோர்ஸ் முடிந்து ஒரு வாரம் வரை போதும். வெந்நீரிலோ சூடான பாலிலோ கலக்கக் கூடாது, செத்துவிடும். ஃப்ளூகோனசோல் மாதிரி பூஞ்சை மருந்து கூடவே ஓடினால் வாங்கவே வேண்டாம். அந்த மருந்தின் வேலையே ஈஸ்டைக் கொல்வது.

லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி என்று அட்டையில் போட்டிருந்தால் அதுவும் நல்ல தேர்வு. ஆனால் அது பாக்டீரியா. ஆன்டிபயாடிக் போட்டு இரண்டு மணி நேரமாவது கழித்துத்தான் சாப்பிட வேண்டும். அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன்னால் சாப்பிட்டாலும் வீண். காலை 8, இரவு 8 என்று ஆன்டிபயாடிக் போடுபவருக்கு மதியச் சாப்பாட்டு நேரம் சரியாக வரும்.

என்டெரோஜெர்மினா என்ற சின்னக் குப்பி பலருக்குத் தெரியும். உள்ளே இருப்பது பேசில்லஸ் கிளாசியின் வித்துகள், 5 மில்லியில் 200 கோடி. வித்து நிலையில் இருப்பதாலும், பல ஆன்டிபயாடிக்குகளைத் தாங்கும் ரகங்களாகப் பார்த்து எடுத்திருப்பதாலும் மருந்தோடு சேர்ந்தே தாக்குப்பிடிக்கும். ஆதாரத்தின் பலத்தில் இது முதல் இரண்டுக்கும் ஒரு படி கீழே. குப்பியை நன்றாகக் குலுக்கிவிட்டு அப்படியே குடிக்கலாம், தண்ணீரில் கலந்தும் கொடுக்கலாம். பார்க்க ஊசி மருந்துக் குப்பி மாதிரியே இருக்கும். வாயால் குடிப்பதற்கு மட்டும்தான், ஒருபோதும் ஊசியாகப் போடக் கூடாது. வீட்டில் வயதானவர்களிடம் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுப்பது நல்லது.

சில ஆன்டிபயாடிக் அட்டைகளில் பெயருக்குப் பின்னால் 'எல்பி' என்று இருக்கும். லாக்டிக் ஆசிட் பேசில்லஸ் என்ற புரோபயாடிக் பாக்டீரியாவும் உள்ளேயே சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அளவைப் பாருங்கள், பெரும்பாலும் சில கோடியில் நிற்கும். ஆய்வுகளில் பலன் தந்த 500 கோடிக்கு இது உறை போடக்கூடக் காணாது. இதை நம்பி வேறெதுவும் வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். இதற்காகவே அதிக விலை கொடுத்து அந்த அட்டையைக் கேட்டு வாங்கவும் வேண்டாம்.

தயிர் சில மருந்தைக் கெடுக்கும்

'மாத்திரை சூடு, தயிர் சாதம் சாப்பிட்டுப் போட்டுக்கோ' என்ற அறிவுரை சில மருந்துகளுக்குச் சரி, சிலவற்றுக்குத் தப்பு. சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின் இரண்டும் பாலிலும் தயிரிலும் இருக்கும் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது ரத்தத்தில் சேராது. தயிரோடு போட்டால் சிப்ரோவில் மூன்றில் ஒரு பங்கு போல வீணாகும், நார்ஃப்ளாக்சசினில் பாதிக்குப் பாதி போகும். சிறுநீர்த் தொற்றுக்கு அரை டோஸ் சாப்பிட்ட மாதிரி ஆகிவிடும், கிருமியும் மருந்துக்குப் பழகிவிடும். சிப்ரோவை பால், தயிர், மோர், கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை எல்லாவற்றுக்கும் இரண்டு மணி நேரம் முன்னால் போட வேண்டும். முன்னால் போடாவிட்டால் அவற்றைச் சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழித்து. டாக்ஸிசைக்ளினுக்கும் பால் பொருள் ஓரளவு ஆகாது. அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் இரண்டுக்கும் தயிரால் பிரச்சினை இல்லை.

தயிரில் உள்ள பாக்டீரியா இந்த மருந்துகளுக்கு எவ்வளவு சீக்கிரம் மடியும் என்று பால் வியாபாரிகளைக் கேட்டால் தெரியும். மடிவீக்கத்துக்குப் பென்சிலின் வகை ஊசி போட்ட மாட்டின் பாலை, சொல்லப்பட்ட நாள் முடியும் முன் கறந்து ஊற்றினால், அதில் எவ்வளவு நல்ல உறை ஊற்றினாலும் தோயாது, தண்ணியாகவே கிடக்கும். பாலில் இருக்கும் அந்தத் துளி மருந்தே போதும். அமாக்சிசிலின் ஓடிக்கொண்டிருக்கும் வயிற்றுக்குள் போகும் தயிரின் கதியும் அதேதான். அதனால் மருந்து நாட்களில் தயிரை உணவாகச் சாப்பிடுங்கள், மருந்தாக எண்ண வேண்டாம். பேதி இருக்கும்போது பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் தயிர் ஒத்துக்கொள்ளும். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தோயும்போதே பாக்டீரியா தின்றுவிடுகிறது. மீதியைச் செரிக்கும் நொதியும் தயிரிலேயே வருகிறது.

கோர்ஸ் முடிந்த பிறகு

இங்கேதான் விளம்பரமும் ஆராய்ச்சியும் எதிரெதிராக நிற்கின்றன. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 21 ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு வாரம் சிப்ரோவும் மெட்ரோனிடசோலும் கொடுத்தார்கள். பிறகு ஒரு பிரிவுக்கு 11 ரகப் புரோபயாடிக், ஒரு பிரிவுக்கு ஒன்றுமே இல்லை, இன்னொரு பிரிவுக்கு மருந்துக்கு முன்பே சேமித்து வைத்த அவரவர் மலத்தின் பாக்டீரியா. சேமித்ததைத் திரும்பப் பெற்றவர்கள் சில நாட்களில் தேறினார்கள். சும்மா விட்டவர்களுக்கு மூன்று வாரத்தில் குடல் ஏறக்குறைய பழையபடி ஆனது. புரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு ஐந்து மாதம் ஆகியும் முழுதாகத் திரும்பவில்லை. சிறிய ஆய்வுதான், ஒரே ஒரு கலவைதான். ஆனாலும் கோர்ஸ் முடிந்து பல வாரம் கேப்ஸ்யூல் விழுங்குவதற்கு எதிராக இது போதுமான எச்சரிக்கை. வெளியிலிருந்து வரும் ரகங்கள் விருந்தாளிகள். அவர்கள் கூடம் முழுக்க உட்கார்ந்துவிட்டால் வீட்டுக்காரர்களான நம் சொந்த பாக்டீரியாக்கள் உள்ளே வர இடமிருக்காது.

வீட்டுக்காரர்கள் திரும்ப எவ்வளவு நாளாகும்? டென்மார்க்கில் 12 ஆண்களுக்கு நான்கு நாட்கள் மூன்று கடுமையான ஆன்டிபயாடிக்குகளைக் கொடுத்துப் பார்த்ததில், ஒன்றரை மாதத்தில் பெரும்பாலானவை திரும்பிவிட்டன. ஆறு மாதம் கழித்தும் பொதுவாகக் காணப்படும் ஒன்பது இனங்கள் காணாமலே போயிருந்தன. ஆக, கோர்ஸ் முடிந்த ஆறு வாரத்தை மீளும் காலம் என்று வைத்துக்கொண்டு சாப்பாட்டைப் பார்த்துக்கொள்வது நியாயமான கணக்கு.

புளித்த உணவுக்கு இதில் என்ன பங்கு? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், தயிர், கெஃபிர் என்ற புளித்த பால், புளிக்கவைத்த காய் போன்றவற்றைத் தினம் ஆறு பரிமாறல் அளவுக்கு 10 வாரம் சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் பெருகின, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. அவர்கள் ஆன்டிபயாடிக் முடித்தவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதிகரித்த வகைகளில் பெரும்பகுதி அந்த உணவிலிருந்து நேரே வந்தவையும் அல்ல. புளித்த உணவு குடலில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்களுக்குச் சூழலைச் சரிசெய்து தருகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

தயிரிலிருந்து ஆரம்பிப்போம். ஒரு லிட்டர் பாலைப் பொங்கக் காய்ச்சி, மேலும் ஐந்து நிமிடம் சிறு தீயில் வைத்து இறக்குங்கள். சுண்டுவிரலைப் பத்து எண்ணும் வரை வைக்க முடிகிற சூட்டுக்கு, அதாவது 40 முதல் 42 டிகிரிக்கு, ஆற விடுங்கள். முந்தின நாள் தயிர் ஒன்றரை டீஸ்பூனை ஒரு கரண்டிப் பாலில் கரைத்து ஊற்றிக் கலக்குங்கள். சென்னை வெயிலில் ஐந்து, ஆறு மணி நேரம், மார்கழியில் எட்டு, ஊட்டியில் பன்னிரண்டு. பாத்திரத்தைச் சாய்த்தால் மொத்தமாக நகர வேண்டும், உடனே ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். பால் மிகவும் ஆறிப்போய் உறை ஊற்றினால் வேறு ரகங்கள் முந்திக்கொள்ளும். அவற்றில் சில பசையைச் சுரப்பதால்தான் தயிர் நூலாக இழுபடுகிறது. கெடுதல் இல்லை, ஆனால் அந்தத் தயிரை மறுபடி உறைக்கு வைத்தால் இழுப்பு தொடரும். உறையை மாற்றிவிடுங்கள். நாலு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.

தினம் ஒரு கிண்ணம் தயிரோ இரண்டு டம்ளர் மோரோ போதும். மோர்க்குழம்பிலும் அவியலிலும் கொதித்த தயிரில் உயிர் இருக்காது. தாளிப்பைக் கொட்டுவதானால் எண்ணெய் ஆறட்டும். அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கும் டெட்ரா பேக் மசாலா மோர் சூடுபடுத்திப் பதப்படுத்தியது. ஃப்ரிட்ஜில் வைத்து விற்கும் பாக்கெட் தயிரில் உயிர் உண்டு. யாகுல்ட் என்ற புளித்த பால் பானம் 65 மில்லியில் 650 கோடி என்று எண்ணிச் சொல்கிறது. அதன் ரகத்தில் நிறைய ஆய்வு நடந்திருக்கிறது, சர்க்கரையும் கணிசமாக இருக்கிறது.

பழைய சோறு: செய்முறையில்தான் எல்லாம்

தமிழக அரசு நிதியில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனை பழைய சோற்றை ஆய்வுக்கு எடுத்த பிறகு அதற்குத் தனி மவுசு வந்துவிட்டது. கூடவே வாட்ஸ்அப் கணக்குகளும். ராத்திரி ஊறியதில் 3.4 மில்லிகிராம் இரும்பு 73.91 ஆகிவிடுகிறது என்று ஒன்று சுற்றுகிறது. இரும்பு ஒரு தனிமம். புளிப்பதால் புதிதாக முளைக்காது. இருப்பது உடலில் சேர்வது எளிதாகலாம், அவ்வளவுதான்.

நிஜமான லாபம் இரண்டு. ஒன்று, லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். இரண்டாவது, ஆறிய சோற்றில் மாவின் ஒரு பகுதி செரிக்காத மாவாக மாறிப் பெருங்குடல் வரை போய் ப்யூட்ரேட் ஆவது. ஆன்டிபயாடிக் முடித்த குடலுக்கு இரண்டாவதுதான் அதிகம் தேவை. பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி இதற்கு உசத்தி.

செய்முறையில் ஆபத்தும் உண்டு. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து இருக்கும், கொதித்தாலும் சாகாது. மதியம் வடித்த சோறு குக்கரிலேயே வெதுவெதுப்பாகக் கிடந்தால் அது பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சைச் சூடாக்கியும் அழிக்க முடியாது. ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர் ஊற்றினால் மட்டும் அது எங்கே போகும்? புளிப்பு ஏறிவிட்டால் இந்தக் கிருமி அடங்கும். ஆகவே சோறு சீக்கிரம் ஆற வேண்டும், புளிப்பு சீக்கிரம் ஏற வேண்டும்.

இரவுச் சோற்றை வடித்த கையோடு, பழைய சோற்றுக்கான பங்கைத் தாம்பாளத்தில் பரப்பி அரை மணி நேரத்தில் ஆற்றுங்கள். மண்சட்டியில் போட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரைச் சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்க ஊற்றுங்கள். நேற்றைய நீராகாரம் இரண்டு ஸ்பூன், அது இல்லாவிட்டால் புளித்த மோர் ஒரு ஸ்பூன், சேருங்கள். உப்பு இப்போது வேண்டாம். தட்டுப் போட்டு மூடி எட்டு முதல் பத்து மணி நேரம் வையுங்கள். காலையில் லேசான புளிப்பு வாடையும் ஓரத்தில் சில குமிழிகளும் இருந்தால் பதம். சோறு வழுவழுவென்றாலோ, அழுகல் வாடை அடித்தாலோ, இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிந்தாலோ யோசிக்காமல் கொட்டுங்கள். பிசைந்து, உப்பும் மோரும் விட்டு, வயிறு தேறியவர்கள் நாலு சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இதுவும் சோறுதான், அளவு தேவை.

இட்லி மாவில் உயிர் ஏராளம், வெந்த இட்லியில் இல்லை. வயிற்றுக்கு இதம் என்ற அளவில் நல்லது. கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழிலும் புளித்த மாவு வெந்துவிடுகிறது. மறுநாள் மோர் விட்டுக் கரைக்கும்போதுதான் உயிர் திரும்ப வருகிறது. ஆவக்காய் வகை ஊறுகாயில் உப்பும் எண்ணெயும் அதிகம், புளிக்க வழியில்லை. உயிருள்ள ஊறுகாய் வேண்டுமானால் 250 கிராம் கேரட்டை நீளவாக்கில் நறுக்கி, 250 மில்லி தண்ணீரில் 12 கிராம் கல் உப்பைக் கரைத்து, காய் மேலே மிதக்காதபடி அமுக்கி வையுங்கள். நம் வெயிலில் மூன்று நாள் போதும். தண்ணீர் கலங்குவது சரி, வெள்ளை ஆடையை எடுத்துவிடலாம், நிறப் பூஞ்சை வந்தால் மொத்தமும் குப்பைக்கு.

வீட்டுக்காரர்களுக்கான சாப்பாடு நார். பேதி நிற்கும்வரை குழைந்த சாதம், மோர், இட்லி, பழுத்த வாழைப்பழம் போதும். நின்று இரண்டு மூன்று நாளில் வாழைத்தண்டும் பாசிப்பயறும், அடுத்த வாரம் வாழைக்காய், பூண்டு, சின்ன வெங்காயம், கொண்டைக்கடலை என்று ஏற்றிக்கொண்டே போகலாம். முதல் நாளே சுண்டலில் இறங்கினால் வயிறு உப்பும். 'பயறு எனக்கு ஆகாது' என்று பலர் நிறுத்துவது இந்த இடத்தில்தான். அளவைப் பாதியாக்கித் தொடர்ந்தால் இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

பேதி நிறைய போனால் நீராகாரம் மட்டும் போதாது. உப்பும் குளுக்கோஸும் சரியான விகிதத்தில் உள்ள ஓஆர்எஸ் பொட்டலத்தை, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் குடியுங்கள். பாதிப் பொட்டலம், கண் அளவுத் தண்ணீர் எல்லாம் கூடாது.

நாளுக்கு மூன்று தடவைக்கு மேல் தண்ணீராகப் போவதோடு காய்ச்சல், கடும் வயிற்றுவலி, ரத்தம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் டாக்டரிடம் போங்கள். கோர்ஸ் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தாலும், அந்த ஆன்டிபயாடிக் பெயரைச் சொல்லுங்கள். கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி இப்படித் தாமதமாகவும் தலைதூக்கும். கிளிண்டாமைசின், செஃபலோஸ்போரின், சிப்ரோ வகைகளுக்குப் பிறகு அதிகம். அந்த நிலையில் பேதியை நிறுத்தும் லோபெரமைடை நீங்களாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. நஞ்சு உள்ளேயே தங்கிவிடும்.

கீமோதெரபியில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், கழுத்திலோ மார்பிலோ பெரிய ரத்த நாளத்தில் குழாய் பொருத்தியிருப்பவர்கள் புரோபயாடிக்கைத் தொடவே வேண்டாம். பௌலார்டி ஈஸ்ட் ரத்தத்தில் கலந்து தொற்றாகியிருக்கிறது. அப்படிப்பட்ட நோயாளியின் படுக்கை அருகே பொட்டலத்தைப் பிரிப்பதுகூட ஆபத்து, தூள் கையில் ஒட்டிக் குழாய்க்குப் போய்விடும். குறைமாதக் குழந்தைகளுக்கும் டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. இவர்களுக்கெல்லாம் வீட்டில் புளிக்கவைத்த காயும் பழைய சோறும்கூட, சிகிச்சை தரும் டாக்டரைக் கேட்ட பிறகுதான்.